ரெண்டரைப் பேர்

கீழ்க்கணக்கு, ஹல்துமுல்லை
2024 பெப்ரவரி 18

அன்புள்ள ஷஹீலா,

கையில் போன் இருக்கும்போது இவளுக்கென்ன கடிதம் எழுதும் ஆசை என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய். பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்த காலத்திலிருந்து உனக்கு இதே பழக்கம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ பிடித்துத் தந்த கணக்கெடுப்பு வேலை முடிந்தது. எங்கள் தோட்டத்து மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரண்டு பிரிவிலும், பக்கத்துத் தோட்டத்திலும் லயத்து வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிவிட்டோம். உங்கள் கொழும்பு ஆபிஸ் தாளில் 'கடந்த வாரத்தில் இக்குடியிருப்பில் தொழிலில் ஈடுபட்டோர் எண்ணிக்கை' என்று ஒரு கேள்வி. அதை வாசித்தால் சனம் என் வாயையே பார்க்கிறது. நம் பேச்சில், "போன கெழம எத்தன பேரு?" என்று கேட்டோம். பதில் உடனே வந்தது, அப்படியே எழுதினோம். இனிமேல் கேள்வி தயாரிக்கும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரிய படிப்புக்காரர்களே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்சிக்காரர் மறுபடியும் வந்து போனார். குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட் எடுத்து வைத்தாயிற்று. புருசன்காரர் மாரிசாமி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்.

என் அம்மா லெபனானுக்குப் போனபோது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். உன் லேஞ்சியில்தானே மூக்குச் சிந்தினேன். என் பிள்ளைக்கு அதைச் செய்ய மாட்டேன் என்று உன்னிடம்தான் சொன்னேன். டிலானிக்கு இப்போது நாலு வயது. கிளினிக் அட்டையில் அவள் நிறைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறது. பிள்ளைக் காம்பராவில் வெளிநாட்டு உதவிக்காரர்கள் மதியம் சோறும் முட்டையும் தருகிறார்கள். நாங்கள் மலைக்குத் தேயிலை பறிக்கப் போகிற நேரம் பிள்ளைகள் அங்கேதானே இருக்கின்றன, அந்த ஒரு வேளையால்தான் இவள் நிற்கிறாள். அது இருக்கும் வரைக்கும் நானும் இங்கே நின்று பிடிக்கலாம்.

உன் வேலையே நாட்டின் பொருளாதாரத்துக்குச் சாதகம் பார்ப்பதுதானே. எனக்கும் பார்த்துச் சொல். போகவா, இருக்கவா?

விஜி

*

கொழும்பு
2024 மார்ச் 20

அன்பின் விஜி,

குறுக்கே பேசவில்லை, முழுவதையும் வாசித்தேன். இனி நீ கேள்.

போகாதே. இதைச் சினேகிதியாக மட்டும் சொல்லவில்லை, என் தொழிலாகவும் சொல்கிறேன். 2022இல் பணவீக்கம் எழுபதில் நின்றது, இப்போது ஒற்றை இலக்கம். சுருங்கிக்கொண்டே போன பொருளாதாரம் தொடர்ந்து இரண்டு காலாண்டாக வளர்ந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் கூடியிருக்கிறது. 'அப்படியானால் பருப்பு ஏன் இறங்கவில்லை?' என்பாய், தெரியும். பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை, விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறியது ஏறியதுதான். சம்பளம் மெல்ல வந்து அதைப் பிடிக்க வேண்டும். எங்கள் எதிர்வுகூறல்படி அடுத்த வருட நடுப்பகுதிக்குள் தோட்டப் பக்கத்திலும் அது தெரியும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

இன்னொரு சந்தோஷம். நீங்கள் எடுத்த கணக்கை வைத்து, எந்தப் பகுதி எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பகுதி வாரியாக மீட்சிச் சுட்டெண் போட்டோம். உங்கள் தோட்டங்கள்தான் உச்சத்தில்! வீட்டுக்குச் சராசரி நாலு பேர் தொழிலில் இருக்கிறார்கள். பணிப்பாளர் நம்பவில்லை. "சேர், நான் பதுளைக்காரி, எங்க ஊர்ச் சனம் எப்படி உழைக்கும்னு எனக்குத் தெரியும்" என்று சண்டை பிடித்து அந்த எண்ணை நிலைநிறுத்தினேன். போன வாரம் பெரிய ஹோட்டலில் வைத்து அறிக்கையை வெளியிட்டார்கள். உதவி நிறுவனங்கள் எல்லாம் வந்து வாங்கிப் போயின.

ஒரு பகிடி கேள். நிறையத் தாள்களில் 'ஒன்றரைப் பேர்', 'ரெண்டரைப் பேர்' என்று எழுதி வந்திருந்தது. அரை மனிதன் எங்கேயடி இருக்கிறான்? என் பக்கத்து மேசை றிஸ்னி விழுந்து விழுந்து சிரித்தான். எல்லா அரையையும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடச் சொன்னேன். யார் எழுதிய தாள் அது, நீயா?

டிலானிக்கு என் முத்தம். பொறுத்திரு, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரிவரும்.

ஷஹீலா

*

கீழ்க்கணக்கு
2024 ஏப்ரல் 9

ஷஹீலா,

உன் கடிதம் தோட்டத்து ஆபிஸில் கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்னமே உதவிக்காரர்களின் வேன் வந்துவிட்டது.

பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். பெரிய சட்டி, தட்டுகள், முட்டைப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஆயா ஓடிப்போய், "ஏங்கய்யா, எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார். அதில் ஒருவர் நல்ல மனிதர், முகம் சுருங்கிப்போய்ச் சொன்னார்: "ஒங்க பக்கம் மீண்டுருச்சும்மா. ரிப்போட்டு வந்துருக்கு. வீட்டுக்கு நாலு பேரு வேலைக்குப் போறாங்களாம். இதவிட கஷ்டமான எடத்துக்குக் கொண்டு போகணும்."

ஆயா சிரித்துவிட்டார். லயத்தில் என் வீட்டையும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று உருப்படி, ஷஹீலா. அதில் ஒன்று சட்டியைத் தூக்குகிற வேனைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டு நின்றது.

அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உன் பகிடியை வாசித்ததும் விளங்கியது. அரை மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்டாயே, சொல்கிறேன்.

தோட்டத்தில் பேர் என்றால் ஆள் இல்லையடி. ஒரு நாள் வேலைக்குப் பதிகிற சம்பளம். காலையில் ஆள் பதிகிற பெரட்டுக் களத்துக்குப் போய், அவர்கள் கேட்ட கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர். கிலோ குறைந்தால் கங்காணி அரைப் பேர் போடுவார். இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை தருகிறார்கள். அந்தக் கிழமை மாரிசாமிக்கு ரெண்டு பேர் விழுந்தது, எனக்கு அரைப் பேர். என் வீட்டுத் தாளில் ரெண்டரைப் பேர் என்று நான்தான் எழுதினேன். என் கையால் எழுதினேன். நீ அதை மூன்று ஆட்களாக ஆக்கினாய். புருசனும் பெண்சாதியும் வளர்ந்த மகனும் சேர்ந்து நாலு நாள் வேலை கிடைத்த வீட்டில் நாலு பேர் உழைக்கிறார்கள் என்று கொழும்பில் கைதட்டியிருக்கிறீர்கள். வேலை இல்லை என்று நாங்கள் சொன்னது, வேலை நிறைய இருக்கிறது என்று உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

கேள்வியை மாற்றியது நான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எழுதியது புரியாவிட்டால் என்னைக் கேட்டிருக்கலாமே. பத்து வார்த்தை பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை கேட்க முடியவில்லையா?

சட்டி திரும்பி வருமா என்று மட்டும் எழுது.

விஜி

*

கொழும்பு
2024 ஏப்ரல் 24

விஜி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். வாசித்துவிட்டுக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத வார்த்தையா அது? பதுளைக் கடைவீதியில் வாப்பாவின் புடவைக் கடையில் வளர்ந்தவள் நான். தோட்டத்துப் பெண்கள் சீத்தைத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் பேரு கொறைவுங்க மொதலாளி, தீவாளிக்கு எடுக்குறோம்" என்று வைத்துவிட்டுப் போவதை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். வாப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், அந்த மாதம் கொழும்பிலிருந்து சரக்கு எடுக்க மாட்டார். அவர் பிள்ளை நான் அதே வார்த்தையைத் திரையில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, விஜி. வெட்கம் என்பதும் போதாது.

அன்றைக்கே பணிப்பாளரிடம் போனேன். அவர் கத்தவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். "நாடு இப்பதான் எழும்பி நிக்குது, ஷஹீலா. கடன் தந்த நாடுகளோட பேச்சு நடக்குற நேரம். நம்ம அறிக்கையே பிழைன்னு நாமளே சொன்னா நாளைக்கு நல்ல எண்ணையும் யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த கணக்கெடுப்புல திருத்திக்குவோம்" என்றார். உதவி நிறுவனத்துக்கு நானே நேரில் போனேன். கவலைப்பட்டார்கள், தேநீர் தந்தார்கள். திருத்திய அறிக்கை கையில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். இந்த வருடத்துக்கான ஒதுக்கீடு மொனராகலைப் பக்கம் போய்விட்டதாம்.

நான் திருத்துவேன். கொஞ்சம் அவகாசம் தா. இதனுடன் வரும் மணியோடரைத் திருப்பி அனுப்பாதே. டிலானிக்கு முட்டை வாங்கு.

ஷஹீலா

*

பதுளை ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வாட்டு
2024 ஜூன் 2

ஷஹீலா,

டிலானிக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பஸ்ஸில் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது பரவாயில்லை, தூங்குகிறாள். இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

டொக்டர் பிள்ளை சின்னப் பெண். கிளினிக் அட்டையை விரித்து என்னிடம் காட்டினார். "அம்மா, இந்தக் கோடு ஏப்ரல்ல இருந்து கீழ போகுது பாருங்க. சத்து இல்லாம சளியோட சண்டை போட முடியாது. என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டார். என்ன கொடுக்கிறோம்? ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்கிறோம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வாட்டு டீவியில் நேற்று ஒரு கோடு காட்டினார்கள். கீழே விழுந்து மேலே ஏறுகிற கோடு. நாடு மீண்டு வருகிறதாம். உன்னுடைய கோடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழகாக இருந்தது.

மணியோடரைத் திருப்பிவிட்டேன், கோபிக்காதே. லயத்தில் அந்தச் சட்டியில் சாப்பிட்ட பிள்ளைகள் நிறைய. என் பிள்ளைக்கு மட்டும் முட்டை அவித்தால் மற்றதுகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நான் எழுதிய தாள்தானே எல்லா வீட்டுக்கும்.

திருத்தம் என்னவாயிற்று?

விஜி

*

கொழும்பு
2024 ஜூன் 19

அன்பின் விஜி,

டிலானி வீட்டுக்கு வந்துவிட்டாளா? அதை முதலில் எழுது.

திருத்தம் வரவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன? அடுத்த கணக்கெடுப்பை வருடக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கிடையில் எங்கள் அறிக்கையிலிருந்து வேறு இரண்டு அறிக்கைகள் அந்த நாலை எடுத்துப் போட்டுவிட்டன. இப்போது பணிப்பாளர், "மத்தவங்களும் அதையேதானே சொல்றாங்க" என்கிறார். நான் பெற்ற பிழை மூன்று வீட்டில் வளர்கிறது.

பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க, ஆனா இங்க இருந்துகிட்டு எழுத முடியாது" என்றார். நான் எழுதவில்லை. வாப்பாவின் கடை போன வருடமே மூடியாகிவிட்டது, வீட்டில் என் சம்பளம்தான். எனக்குப் பயமாக இருந்தது, விஜி. உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

உள்ளே இருந்துகொண்டே தள்ளிப் பார்க்கிறேன். வருடக் கடைசிக் கணக்கெடுப்புக்கு நானே நேரில் வருவேன், கேள்வியை நானே கேட்பேன். அதுவரை பொறு என்று எழுத எனக்கு வாய் கூசுகிறது. எழுதவும் செய்கிறேன். போகாதே.

ஷஹீலா

*

கீழ்க்கணக்கு
2024 ஜூலை 14

ஷஹீலாவுக்கு,

போகிறேன். பயிற்சியும் முடித்து, வைத்தியச் சோதனையும் பாஸாகிவிட்டேன். வெள்ளிக்கிழமை விமானம்.

உன் மேல் கோபத்தில் போகவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறது, ஆனால் அது மட்டும் காரணமில்லை. நீ அந்தப் பயத்தை எழுதினாய் பார், அதை வாசித்தபோதுதான் உன்னை மறுபடியும் பக்கத்து வாங்கில் வைத்துப் பார்க்க முடிந்தது. எனக்கும் அதே பயம்தான். உன் பயம் உன்னை மேசையில் இருத்திவிட்டது, என் பயம் என்னைக் கிளப்புகிறது.

டிலானி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு கிழமை நன்றாக இருந்தாள். மறுபடியும் இருமுகிறாள். இந்த மாதம் மழை, கொழுந்து குறைவு. எனக்கு முழுப் பேர் விழுந்த நாட்களை ஒரு கையில் எண்ணலாம். இன்னொரு தரம் அவளை மடியில் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏற என்னால் முடியாது. பிள்ளை என் பக்கத்தில் இருந்து பட்டினி கிடப்பதா, நான் தூரத்தில் இருக்க அவள் சாப்பிடுவதா என்று வந்துவிட்டது. என் அம்மாவும் இப்படித்தான் யோசித்திருப்பாள். நான்தான் அவளை இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிலானியிடம் சொல்லிவிட்டேன். "அம்மா ஏரப்பிளேன்ல போயி முட்டை வாங்கிட்டு வாறேன்" என்றேன். "எத்தன முட்டை?" என்று கேட்டாள். நிறைய என்றேன்.

மாரிசாமி பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். நீ வருவதாகச் சொன்னாயே, வந்தால் ஒரு எட்டு அவளையும் பார்.

விஜி

*

கொழும்பு
2024 டிசம்பர் 22

அன்பின் விஜி,

குவைத் விலாசத்தை மாரிசாமி அண்ணனிடம் வாங்கினேன். இது உனக்குக் கிடைக்குமோ தெரியாது.

நான் வந்தேன். போன மாதம் ஒரு கிழமை முழுவதும் உங்கள் பக்கம்தான் இருந்தேன். கேள்வியை மாற்றியாயிற்று. 'எத்தனை பேர்' என்ற சொல்லே தாளில் இல்லை. வீட்டில் இருந்து சாப்பிடும் ஆட்கள் எத்தனை, அதில் வேலைக்குப் போன ஆட்கள் எத்தனை, ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று தனித்தனியாகக் கேட்டோம். கீழ்க்கணக்கில் எல்லா வீட்டுக்கும் நானே ஏறி இறங்கினேன். அட்டை கடித்த கால் இன்னும் அரிக்கிறது.

சுட்டெண் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் இருந்த உங்கள் தோட்டங்கள் இப்போது கடைசி வரிசையில். பழைய எண்ணுக்குத் திருத்தமும் போட்டுவிட்டார்கள், அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில். வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். உதவி நிறுவனம் வாசித்தது. ஜனவரியில் சட்டி திரும்பி வருகிறது, விஜி. கையெழுத்தாகிவிட்டது.

நாடும் எழும்பித்தான் நிற்கிறது. செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. நாங்கள் எதிர்வுகூறியதைவிட வேகமாக வளர்ச்சி வந்துவிட்டது. இதை உனக்கு எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் அது பொய்யில்லை.

டிலானியைப் பார்த்தேன். உன் கண், உன் வாய். நீ அனுப்பிய காசில் வாங்கிய சிவப்புச் சப்பாத்தைக் காலை விட்டுக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். இருமல் இல்லை. நிறைக்கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது என்று ஆயா அட்டையை எடுத்துக் காட்டினார்.

ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு.

ஷஹீலா

*

குவைத்
2025 பெப்ரவரி 2

அன்புள்ள ஷஹீலா,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மலையாளி டிரைவர் கொண்டு வந்து தந்தார். இதையும் அவர்தான் தபாலில் போடுவார். போனை வெள்ளிக்கிழமை மட்டும் தருவார்கள், அதை டிலானிக்கு வைத்திருக்கிறேன்.

இங்கே எனக்குச் சாப்பாடு இருக்கிறது. வேலை நிறைய. விஜயலெட்சுமி என்று மேடத்துக்கு வாயில் வரவில்லை, 'லீசா' என்று கூப்பிடுகிறார். முதல் மாதம் யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்றுகொண்டிருப்பேன். இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

சட்டி வந்துவிட்டதாம். மாரிசாமி சொன்னார். முதல் நாள் பிள்ளைகளுக்கு இரண்டு முட்டை கொடுத்தார்களாம். கேட்டதும் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் இருந்த கொஞ்சக் கோபமும் அதோடு போய்விட்டது, போ.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் கூடியிருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நாடு மீள்வதற்கு அது நல்ல அடையாளம் என்று எனக்கும் பட்டது. அது யாருடைய பணம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த அறிக்கையில் அந்தக் கோட்டை வரையும்போது பார்த்துப் போடு, அதில் நான் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நீ எனக்கு எழுதவில்லை. மாரிசாமி சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "இந்த வீட்டுல இருந்து சாப்பிடுறவங்க எத்தன ஆளு?" என்று நீ கேட்டாயாம். அவர் பதில் சொல்வதற்குள் டிலானி ஓடிவந்து, "மூணு பேரு! அப்பா, அம்மா, நானு" என்றாளாம். நீ பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு மாரிசாமியைப் பார்த்தாயாம். பிறகு மாரிசாமி, "ரெண்டுன்னு போடுங்க தங்கச்சி" என்றாராம். நீ ரெண்டு என்று எழுதிவிட்டு, மழையில் குடையை விரிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போனாயாம்.

அதற்காக வருத்தப்படாதே, ஷஹீலா. இந்தத் தரம் நீ எழுதியது சரி.

விஜி